காரணம் கேட்டு எழுதியிருந்தீர்கள்

ஜனவரி 18

அம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பா போன வருடம் இறந்தபோது துக்கம் விசாரித்து எழுதியிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. அந்த உறை மட்டும் அத்தையின் அலமாரியில் கிடந்தது. அதிலிருந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன்.

ஒரு விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்தே உட்காருவதால்தான் முதுகு வலிக்கிறது என்று நினைத்து எலும்பு டாக்டரிடம் போனேன். சட்டையைக் கழற்றி, கால்களைச் சேர்த்து வைத்து முன்னால் குனியச் சொன்னார். "இன்னும் குனிங்க. அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு என் பின்னால் போய் நின்றார். வலது பக்க விலா கொஞ்சம் மேடாகத் தெரிகிறதாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. ஸ்கோலியோசிஸ் என்று பெயர். லேசானதுதான், பயப்பட ஒன்றும் இல்லை, வளரும் வயதிலேயே வந்திருக்கும், அப்போது யாரும் கவனிக்கவில்லை என்றார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பா பக்கம் இல்லை என்று அத்தை சொல்லிவிட்டாள். உங்கள் பக்கத்து ஆட்களை எனக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டு வரி எழுதவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மகன்


ஜனவரி 27

என் கண்ணான மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் இப்போது என் கவலை எல்லாம்.

உன் கையெழுத்து எனக்கு அடையாளம் தெரியவில்லையடா. ஒன்பது வயதுப் பிள்ளையின் குண்டு குண்டு எழுத்துத்தான் என் மனதில் இருந்தது. யாரோ ஆபீஸ் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து உறையைச் சாப்பாட்டுப் பைக்குள் சொருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறேன். இவர் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் டிரைவர். மத்தியானம் பிரித்துப் பார்த்து "அம்மாவுக்கு" என்று படித்ததும் துவைத்த போர்வை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

என் பக்கம் யாருக்கும் இல்லை. பெரியம்மா ஒருத்தி கூனிப்போனாள், ஆனால் அது எழுபது தாண்டின பிறகு. அப்படியென்றால் உனக்கு எங்கிருந்து வந்தது? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். உன்னை எப்போதும் இடது இடுப்பிலேயேதான் தூக்கிவைத்திருப்பேன். வலது கை வேலைக்கு வேண்டும் அல்லவா? நீ நடக்கத் தொடங்கின பிறகும் இறங்க விடமாட்டேன். பிறகு அந்தப் பள்ளிக்கூடப் பை. இரண்டு தோளிலும் மாட்டுகிற பை கடையில் இருந்தது. நீல நிறம் எனக்குப் பிடித்துப்போனதால் ஒற்றை வார் வைத்ததை வாங்கினேன். உன் எடையில் பாதி இருக்கும் அதன் கனம். நீ ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து போவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

கவனிக்கவில்லை என்று டாக்டர் சொன்னாரே, அது என்னைத்தானே? வேறு யாரைச் சொல்ல முடியும்? காரணம் என்ன என்று அவர் சொன்னார்? மறைக்காமல் எழுது.

உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இங்கே ஒரு பெண் இருக்கிறாள். பதிமூன்று வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுகிறோம். அவளுக்கு உன்னைப் பற்றித் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. கனமான எதையும் தூக்காதே.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா


பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நலம், அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பக்கம் இல்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணிடம் உடற்பயிற்சி கற்றுக்கொள்கிறேன். தரையில் நான்கு காலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்ட வேண்டும். பார்ப்பதற்குப் பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆனால் வலி வரும், படுத்தால் போய்விடும்.

கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கும்போது, "யாருக்குமே ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். இப்போது சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. முப்பத்து மூன்று வயது வரை நேராக நிற்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால் முதலில் ஏறி இறங்கிய தோள்தான் தெரிகிறது.

அந்த நீலப் பை எனக்கும் நினைவிருக்கிறது. வலது தோளில்தான் போடுவேன். வார் பதிந்து சிவந்துபோய் இருக்கும்.

செப்டம்பரில் எனக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து மட்டும்தான். பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

மகன்


மார்ச் 3

என் தங்கத்துக்கு,

நீயும் என் மருமகளும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அவளை நான் கேட்டதாகச் சொல். வேண்டாம் என்று நினைத்தால் சொல்லாதே. உன் அத்தை சௌக்கியமா? உன்னை ஆளாக்கியவள் அவள். அவளுக்கு என் கும்பிடு.

கணக்கு டீச்சரா! உனக்கு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் வராதே. எப்படிச் சமாளிக்கிறாய்?

தோள் சிவந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். நான் அதைப் பார்த்ததே இல்லையே. தினமும் உன்னைக் குளிப்பாட்டினவள் நான்தானே. அந்த வரியைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கையில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "தட்டுல கோலம் போடாத, சாப்பிடு" என்று இவர் சத்தம் போடுகிறார்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். முதுகுக்கு வைக்கிற தலையணை, இடுப்பு பெல்ட், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பை. தலையணை உறை நான் தைத்தது.

டாக்டர் காரணம் என்ன சொன்னார் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். மறந்துவிட்டாய் போலிருக்கிறது. எதுவாக இருந்தாலும் எழுது. என்னால் தாங்க முடியும்.

உடம்பு பத்திரம்.

அம்மா


ஏப்ரல் 14

அம்மாவுக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம், பழைய மெஷினை மாற்றினார்கள்.

பார்சல் வந்தது. தலையணை நன்றாக இருக்கிறது. கடை நாற்காலியில் வைத்திருக்கிறேன். பெல்ட் தேவையில்லை என்று டாக்டர் சொன்னார். வலி முன்னைவிடக் குறைவு.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

மகன்


ஏப்ரல் 22

அன்பு மகனுக்கு,

வலி குறைந்தது என்று படித்து நிம்மதியாக இருந்தது. இங்கே சுகம்தான்.

இனிமேல் உன்னிடம் காரணம் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன். நீ எழுதாததிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. என்னை நோகடிக்கக் கூடாது என்று பார்க்கிறாய். இந்தக் குணம் உனக்கு யாரிடமிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை.

ஒரு தடவை செய்ததை மறுபடியும் செய்யமாட்டேன். தினமும் சாயங்காலம் வாலுவைக் குனியச் சொல்லி முதுகைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்துக்குச் சக்கரம் வைத்த பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன். இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூட அணியில் இருந்தாள். அது ஒரே கையை ஓங்கி ஓங்கி அடிக்கிற ஆட்டம். நிறுத்திவிட்டேன். என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, நேராக வளர்ந்தால் போதும்.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, பயிற்சியை விடாமல் செய்.

அம்மா


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணா என்று எழுதிவிட்டேன். பிடிக்காவிட்டால் பேனாவால் அடித்துவிடுங்கள். நீங்கள் நலமா? உங்கள் முதுகு நலமா? அண்ணி ஆகப்போகிறவர் நலமா? நான் நலம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் உறையைப் பார்த்து முகவரி எடுத்தேன்.

நான்தான் வாலு. எங்கள் பள்ளியில் இறகுப்பந்தில் நான் இரண்டாவது. முதல் ஆள் காலை உடைத்துக்கொண்டாள், அதனால் நான்தான் முதலாவது. போன மாதப் போட்டிக்கு அம்மா விடவில்லை. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால், "ஊருக்குக் கிளம்பிட்டியா?" என்று கேட்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை அண்ணா. தினமும் சட்டையைத் தூக்கிக் குனிந்து நிற்க வேண்டும். அம்மா விரலால் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே வருவாள். சில நாள் அப்படியே நின்றுவிடுவாள். திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருப்பாள். மிகவும் இளைத்துவிட்டாள். இஸ்திரி போடும்போது கையைச் சுட்டுக்கொண்டாள்.

அப்பா பொறுக்க முடியாமல் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். எனக்கு ஒன்றும் இல்லையாம். பை, இடுப்பு எல்லாவற்றையும் அம்மா சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, பை தூக்கினா எலும்பு வளையும்னா ஊர்ல பாதிப் பேர் வளைஞ்சுதான் நடக்கணும். அதெல்லாம் காரணமே இல்ல" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா, "டாக்டரே சொல்லிட்டார். இன்னும் என்ன?" என்று கேட்டார். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவர் என் பையனப் பாத்தாரா? பாத்த டாக்டர் என்ன சொன்னார்னு ரெண்டு தடவ கேட்டு எழுதினேன். 'உன் தப்பு இல்லம்மா'ன்னு ஒரு வார்த்த எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அப்படி இருந்தா எழுதாம இருப்பானா? சும்மா ஒருத்தர வேதனப்பட விட்டுட்டு வேடிக்க பாக்குற பிள்ளை இல்ல அவன்."

அண்ணா, உங்கள் டாக்டர் உண்மையிலேயே என்ன சொன்னார்? அம்மா செய்ததுதான் காரணம் என்றால் எனக்கு மட்டுமாவது எழுதுங்கள். நான் ஆட்டத்தை விட்டுவிடுகிறேன். இல்லை என்றால் அவளுக்கு எழுதுங்கள்.

வாய் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள், மன்னிக்கவும்.

உங்கள் தங்கை,
வாலு


ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நீ ஆடு. ஆட்டத்தால் யாருக்கும் முதுகு வளையாது. உங்கள் டாக்டர் சொன்னதுதான் உண்மை. அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ தவறவிட்ட போட்டிக்கு நான்தான் காரணம், அம்மா இல்லை. அதை உனக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 6

அம்மா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை. கை சுட்டுக்கொண்டாயாமே. ஆறிவிட்டதா?

காரணம் கேட்டு எழுதியிருந்தாய். இரண்டு தடவை. நான் மறக்கவில்லை. டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிவிட்டு நான் கேட்காமலே சொன்னார்: "இது யாரும் செஞ்சு வர்றது இல்ல சார். சுமை தூக்கி வர்றதும் இல்ல, உக்கார்ற விதத்துல வர்றதும் இல்ல. பெரும்பாலும் ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியாது. வீட்ல யாரையும் திட்டாதீங்க." உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே இது எனக்குத் தெரியும். யாரும் கவனிக்கவில்லை என்பதை மட்டும் எழுதினேன். அடுத்த வரியை எழுதவில்லை.

நீ தூக்கிச் சுமந்ததால் எனக்கு எதுவும் வரவில்லை, அம்மா. பையாலும் வரவில்லை. தோள் சிவந்திருந்தது என்று எழுதினேனே, அப்படி எதுவும் எனக்கு நினைவில்லை. எழுதினால் உனக்கு வலிக்கும் என்று தெரிந்து எழுதினேன்.

உன் முதல் பதில் வந்தபோது கடையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எழுத்து அங்கங்கே கலங்கியிருந்தது. அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்காக நீ அழுகிறாய் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையை எழுதினால் நீ நிம்மதியாகிவிடுவாய், நிம்மதியானால் எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்றும் பயமாக இருந்தது. அந்தச் சின்னப் பெண் நடுவில் அகப்படுவாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பழி வாங்குனீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப என்ன அது?" என்றாள்.

"வேடிக்கை பார்க்கிற பிள்ளை இல்லை அவன்" என்று சொன்னாயாம். நான் அப்படிப்பட்டவன்தான் அம்மா. நாலு மாதம் பார்த்தேன்.

சாப்பிடு. கைக்கு மருந்து போடு.

மகன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

நலம். நலமா? உங்கள் கடிதம் வந்து வாரக்கணக்காகிறது. அம்மா இன்னும் பதில் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நீங்கள் பயந்துகொண்டிருப்பீர்கள்.

அம்மா வாசலில் நின்றே படித்தாள். அப்படியே வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஒரே போர்வையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டதாகக் கூட வேலை பார்க்கும் அக்கா சொன்னார். மறுநாள் காலை என் மட்டையைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தாள். அவ்வளவுதான். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

கோபமா என்று கேட்டேன். "எனக்கு அந்த உரிமை இருக்கா இல்லையான்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

வாலு


ஜூலை 26

அன்பு மகனுக்கு,

நலமா? நான் நலம். கை ஆறிவிட்டது, தழும்புகூட இல்லை. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. ஆனால் கோபமும் இருந்தது. ராத்திரி பகலாக என் தலையில் நானே அடித்துக்கொண்டிருந்ததை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். வாலு தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அதற்கு உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஒன்பது வயதில் நீ எத்தனை நாள் அப்படி அழுதிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. பார்க்கக்கூட நான் அங்கே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம் வந்தது. பை இல்லை, இடுப்பு இல்லை என்று ஆகிவிட்டால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதற்கு எந்த டாக்டரும் "உங்க தப்பு இல்லம்மா" என்று சொல்லமாட்டார். அதை எழுதத் துணிச்சல் இல்லாமல்தான் நான் பையைப் பிடித்துக்கொண்டேன். பையைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் என்னால் எழுத முடிந்தது பார்.

அன்று உனக்குத் தலை சீவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். நானும் உன் அப்பாவும் ஒருவரோடு ஒருவர் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு வாரம் எங்காவது இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் பஸ் ஏறினேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வர வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பயமாக இருந்தது. ஒரு வருடம் கழித்து, பிள்ளை மறந்திருப்பான், போய்க் குழப்பக் கூடாது என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. என்னை யாரும் துரத்தவில்லை. இவரை நான் பார்த்தது அதிலிருந்து மூன்று வருடம் கழித்து. அவர்மேல் பழி இல்லை. நான் போனேன், திரும்பவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நீ எழுதாமல் விட்டது ஒரு வரி. நான் எழுதாமல் விட்டது இருபத்து நாலு வருடம். இதைச் சொல்லி உன்னைத் தேற்றவில்லை. உன் தங்கைக்கு நீ செய்தது தப்புத்தான்.

கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். நான் இங்கிருந்தே நினைத்துக்கொள்வேன்.

அம்மா


ஆகஸ்ட் 5

அம்மா,

நலம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று வாலு எழுதியிருந்தாள். எனக்கும் வலி இப்போது எப்போதாவதுதான்.

உன் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. மன்னிக்கமாட்டேன் என்றும் எழுதிப் பார்த்தேன். அதுவும் பொய்யாகத்தான் இருந்தது. அதனால் இரண்டையும் விட்டுவிட்டு கல்யாண வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

செப்டம்பர் 12 காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். சாட்சிக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். டீச்சர் பக்கம் அவளுடைய அண்ணன். என் பக்கம் அத்தை. மூன்றாவது ஆளுக்குக் கடை முதலாளியைக் கேட்பதாக இருந்தேன். நேற்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டீச்சர், "உங்க அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அப்புறம் முதலாளி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

அத்தையிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு வெகுநேரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள். பிறகு, "வரட்டும். எங்கிட்ட வந்து பேச வேணாம்னு மட்டும் சொல்லிடு" என்றாள். நான் சரி என்று வெளியே வந்து செருப்பை மாட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்தச் சின்னப் பொண்ணும் வருதுல்ல? ராத்திரி எங்க படுக்க வைக்கிறது? எத்தன மணி வண்டின்னு கேட்டு எழுது."

எழுது அம்மா. நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

உன் மகன்